கொலராடோவுல டிசம்பர் கடைசி வாரம் கேபின், அம்மா அப்பாவோட போறோம், எஸ்டஸ் பார்க்கா ப்ரெக்கன்ரிட்ஜா?

கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் அஞ்சு நைட் கொலராடோ போலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரர், நாலு வயசு பொண்ணு, அதோட ஊர்ல இருந்து வந்திருக்கற அம்மா அப்பா. அம்மாவுக்கு 66, பிபி மாத்திரை போடறாங்க, கண்ட்ரோல்லதான் இருக்கு. அப்பாவுக்கு 71, முழங்கால் வலி, ஒரு மாடி ஏறினாலே பாதியில நின்னு கம்பிய புடிச்சுப்பார். ரெண்டு பேரும் பனி விழுந்து பார்த்ததே இல்ல. எங்க போலாம்பானு கேட்டப்போ அப்பா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "ஜன்னல் ஓரமா உட்கார்ந்து அது விழறத பார்த்தா போதும்மா". அந்த வார்த்தை மனசுலயே நிக்குது, அதுக்காகத்தான் இந்த ட்ரிப்பே.

யாரும் ஸ்கீயிங் பண்ணப் போறதில்ல. டென்வர்ல ஃப்ளைட் இறங்கி கார் வாடகைக்கு எடுக்கணும். நாங்க இருக்கறது கடல் மட்டத்துல, பனியில கார் ஓட்டி பழக்கம் கிடையாது.

மூணு இடம் பார்த்து வச்சிருக்கோம். ப்ரெக்கன்ரிட்ஜ்ல ஒரு கேபின், ஃபோட்டோ பார்த்தா கண்ண எடுக்க முடியல, மரத்துலயே கட்டினது, விறகு அடுப்பு, வெளிய சுடுதண்ணி தொட்டி, ஆனா மூணு லெவல். எஸ்டஸ் பார்க்ல ஒண்ணு, சின்னது, சாதாரணமா இருக்கு, ஒரே தளம். வீட்டுக்காரர் லெட்வில்ல ஒண்ணு புடிச்சிருக்கார், வாடகை மூணுலயும் அதுதான் கம்மி, பழைய சுரங்க ஊராம், கூட்டம் இருக்காதாம். எனக்கு ப்ரெக்கன்ரிட்ஜ் மேலதான் ஆசை. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க, எதை எடுக்கலாம், ரோடு எப்படி இருக்கும், பெரியவங்களுக்கு ஒத்துக்குமா?

பதில் 1

சிஸ்டர், ஃபோட்டோவ கொஞ்சம் ஓரமா வச்சிட்டு முதல்ல ஊரோட உயரத்த பாருங்க. டென்வர் 5,280 அடி. எஸ்டஸ் பார்க் 7,522. ப்ரெக்கன்ரிட்ஜ் 9,600. லெட்வில் பத்தாயிரத்துக்கு மேல, அமெரிக்காவுலயே உயரத்துல இருக்கற நகரம் அதுதான். 8,000 அடிக்கு மேல போய் படுத்தா உயரத்தால வர்ற உபாதை யாருக்கு வேணா வரலாம், நல்லா நடக்கறவங்க ஓடறவங்களுக்கு வராதுன்னு ஒண்ணும் இல்ல. ப்ரெக்கன்ரிட்ஜ்ல ஒரு தடவ இழுக்கற மூச்சுல கிடைக்கற ஆக்சிஜன் நீங்க இப்ப இருக்கற இடத்த விட கிட்டத்தட்ட முப்பது சதவீதம் கம்மி.

எங்க வீட்டுல நடந்தத சொல்றேன். மாமனார் மாமியாரோட இதே மாதிரி ஒரு உயரமான ஊருக்கு போனோம், காலையில ஃப்ளைட்ல இறங்கி அன்னிக்கு சாயங்காலமே மேல ஏறிட்டோம், அதுதான் நாங்க பண்ண தப்பு. மாமனார் தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கற ஆளு, கார விட்டு இறங்கினதும் பொட்டிய அவரே தூக்கிட்டு போனார். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு எழுந்து பார்த்தா கட்டில் ஓரத்துல கால தொங்கப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கார், ரெண்டு கையாலயும் நெத்திய அழுத்திப் புடிச்சிட்டு. தலை வெடிக்குதும்மா, படுத்தா மூச்சு முட்டற மாதிரி இருக்குன்னார். அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ வாந்தி எடுத்திருக்கார், நம்மள எழுப்ப வேணாம்னு சொல்லாம இருந்திருக்கார். விடிஞ்ச உடனே பொட்டிய கட்டி கீழ இறக்கி கூட்டிட்டு வந்தோம், டென்வர் வந்து மூணு நாலு மணி நேரத்துல முகமே மாறிடுச்சு. மிச்சம் மூணு நாள் வாடகை போச்சு, போனா போகட்டும். அவர் சொல்லாம உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு இன்னிக்கும் பொறுக்கல.

அதனால என் பேச்ச கேளுங்க. முதல் நைட் டென்வர்லயே தங்கிடுங்க, அப்புறம் எஸ்டஸ் பார்க். தண்ணி நிறைய குடிக்க வைங்க, முதல் ரெண்டு நாள் ஓட்டம் சாட்டம் வேணாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இதெல்லாம் போய் இறங்கின கையோட வராது, ஆறு மணி நேரத்துல இருந்து ஒரு நாளுக்குள்ள வரும், அதான் முதல் ராத்திரி முக்கியம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, இருமல் விடாம வந்தா, தள்ளாடினா, பேச்சு குழறினா, காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க, அப்பவே கீழ இறக்குங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க. மேல போன முதல் சில நாள் பிபி கொஞ்சம் ஏறும், அதனால அம்மாவுக்கு கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. அசிட்டசோலமைட்னு ஒரு மாத்திரை இருக்கு, உயரத்துக்கு முன்கூட்டியே கொடுப்பாங்க, ஆனா அது எல்லாருக்கும் சேராது, டாக்டர் சொன்னாதான் போடணும்.

லெட்வில் அழகான ஊர்தான், ஆனா இந்த ட்ரிப்புக்கு வேணாம் சிஸ்டர், வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

பதில் 2

மேல சொன்ன உயரம் விஷயம் நூத்துக்கு நூறு சரி. நான் ரோட்ட பத்தி சொல்றேன், அந்த பக்கம் குளிர்காலத்துல ஓட்டி ஓட்டி பழகினவன்.

ப்ரெக்கன்ரிட்ஜ், லெட்வில் ரெண்டுக்குமே டென்வர்ல இருந்து சாதாரணமா ஐ-70 ஹைவேலதான் போவாங்க. ஐசன்ஹோவர் டன்னல் 11,000 அடிக்கு மேல இருக்கு, அது வரைக்கும் ஏத்தம், தாண்டினா இறக்கம். நல்ல நாள்ல ப்ரெக்கன்ரிட்ஜ் ஒன்றரை ரெண்டு மணி நேரம். டிசம்பர் கடைசி வாரம் ஊர் உலகமே ஸ்கீயிங்க்கு கிளம்பற நேரம், வெள்ளி சாயங்காலமும் சனி காலையும் மேல போற பக்கம் நிக்கும், ஞாயிறு மத்தியானத்துக்கு அப்புறம் டென்வர் வர்ற பக்கம் நிக்கும், பனியும் சேர்ந்துச்சுன்னா நாலு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியம் இல்ல. பின் சீட்ல சின்ன குழந்தையும் முழங்கால் வலிக்கற பெரியவரும் இருந்தா அந்த நாலு மணி நேரம் எப்படி இருக்கும்னு நினைச்சு பாருங்க.

அடுத்தது டயர். செப்டம்பர் 1ல இருந்து மே 31 வரைக்கும் ஐ-70ல மாரிசன்ல இருந்து டாட்சீரோ வரைக்கும் டிராக்ஷன் லான்னு ஒரு சட்டம் இருக்கு. நாலு வீல் டிரைவ் வண்டியா இருக்கணும், இல்லன்னா எம் ப்ளஸ் எஸ்னு (சேறு, பனிக்குன்னு அர்த்தம்) போட்ட டயரோ பனி டயரோ இருக்கணும், அதுவும் இல்லன்னா செயின் கையில இருக்கணும். எந்த டயரா இருந்தாலும் பட்டன் 3/16 இஞ்ச் ஆழம் இருக்கணும், கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். இல்லாம மாட்டினா அபராதம் 130 டாலருக்கு மேல, உங்க வண்டி வழுக்கி ரோட்ட அடைச்சிடுச்சுன்னா 650 டாலருக்கு மேல. வாடகை கார் எடுக்கும்போது எஸ்யூவின்னு பேர் போட்டிருந்தா நாலு வீலும் இழுக்கும்னு நினைச்சுடாதீங்க, முன் வீல் மட்டும் இழுக்கற எஸ்யூவி நிறைய இருக்கு. எனக்கு ஒரு தடவ கவுண்டர்ல நாலு வீல் டிரைவ்னு சொல்லி சாவிய கொடுத்துட்டாங்க, பார்க்கிங்ல போய் குனிஞ்சு டயர தடவி பார்த்தா பட்டன் தேஞ்சு மொழமொழன்னு இருக்கு, விரல் வழுக்குது. திரும்ப போய் அரை மணி நேரம் நின்னு வேற வண்டி வாங்கினேன். சாவிய வாங்கினதும் கிளம்பிடாதீங்க, நாலு டயரையும் கையால தொட்டு பாருங்க.

எஸ்டஸ் பார்க்குக்கு ஐ-70 தேவையே இல்ல, அதுதான் உங்களுக்கு பெரிய சவுகரியம். டென்வர்ல இருந்து யூஎஸ் 36ல போல்டர், லயன்ஸ் வழியா சுமார் 70 மைல், ஒன்றரை மணி நேரம். அந்த ரோடும் வளைவுதான், பனி விழும்தான், ஆனா பதினோராயிரம் அடி ஏறி இறங்கற வேலை கிடையாது. ஒரு விஷயம், மேப்ல பார்த்தா எஸ்டஸ் பார்க்ல இருந்து கிராண்ட் லேக் பக்கத்துல தெரியும், ஒரு நாள் போயிட்டு வந்துடலாம்னு பிளான் போட்டுடாதீங்க, நடுவுல இருக்கற ட்ரெயில் ரிட்ஜ் ரோடு 12,183 அடி வரைக்கும் போற ரோடு, அக்டோபர்ல மூடினா மே கடைசியிலதான் திறப்பாங்க. குளிர்காலத்துல மலைய சுத்திக்கிட்டுதான் போகணும்.

மலை ரோட்டுல பகல்லயே போய் சேர்ந்துடுங்க. டிசம்பர் கடைசியில நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் விழுந்துடும், மலை மறைவுல அதுக்கு முன்னாடியே இருட்டிடும், உருகின தண்ணி திரும்ப உறைஞ்சு ரோட்டுல கண்ணாடி மாதிரி கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. இறக்கத்துல ப்ரேக்க மிதிச்சுக்கிட்டே வராதீங்க, கியர குறைச்சுட்டு வண்டிய அதுவா இறங்க விடுங்க.

பதில் 3

அக்கா, எல்லாரும் எஸ்டஸ் பார்க்னு சொல்றாங்க, நானும் உயரத்துக்காக ஒத்துக்கறேன், ஆனா ஒரு விஷயத்த யாரும் சொல்லல. உங்க அப்பாவுக்கு வேண்டியது பனி விழறத பார்க்கறது. எஸ்டஸ் பார்க் மலைத்தொடருக்கு கிழக்கு பக்கம், மழை மறைவு மாதிரி, பனி எல்லாம் மேல மலையிலயே கொட்டிடும், ஊருக்குள்ள பல நாள் வெறும் காஞ்ச புல்லுதான் தெரியும், பனிக்கு பதிலா காத்துதான், குளிர்காலத்துல மலையில இருந்து இறங்கற காத்து வீட்டையே ஆட்டற மாதிரி அடிக்கும். நாங்க போனப்போ மூணு நாள்ல ஊருக்குள்ள ஒரு தடவ கூட பனி விழல, எங்க அம்மாவுக்கு ஏமாத்தமா போச்சு.

உயரமும் கம்மியா வேணும் பனியும் வேணும்னா ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் பாருங்க. 6,732 அடிதான், எஸ்டஸ் பார்க்க விட கீழ, ஆனா பனி கொட்டோ கொட்டுன்னு கொட்டும். என்ன, டென்வர்ல இருந்து மூணு மணி நேரத்துக்கு மேல, வழியில ராபிட் இயர்ஸ் பாஸ் தாண்டணும், அது 9,400 அடி.

இல்லன்னா கார விட்டுட்டு ரயில்ல போங்கக்கா. ஆம்ட்ராக்கோட கலிஃபோர்னியா ஸெஃபிர் டென்வர் யூனியன் ஸ்டேஷன்ல காலையில கிளம்பும், குட்டி குட்டி டன்னலா தாண்டி, 1928ல திறந்த மொஃபட் டன்னல்ல ஆறு மைல் இருட்டுல போய் அந்த பக்கம் வெளிய வரும்போது உலகமே வெள்ளையா இருக்கும். நான் போனப்போ இந்த பக்கம் நல்ல வெயில், டன்னல் விட்டு வந்ததும் கண் கூசுச்சு, பெட்டியில இருந்த எல்லாரும் ஒரே நேரத்துல ஓன்னு சத்தம் போட்டோம். கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் வரைக்கும் போலாம், 5,761 அடிதான், 1888ல இருந்து நடக்கற பெரிய வெந்நீர் குளம் இருக்கு, முழங்காலுக்கு சுகமா இருக்கும். ஜன்னல் ஓரமா உட்கார்ந்து பார்க்கணும்னு ஆசைப்பட்டவருக்கு இத விட என்ன வேணும்? கண்ணாடி பெட்டி மேல் தளத்துல இருக்கு, படி குறுகல், அது மட்டும்தான் அப்பாவுக்கு கஷ்டம், கீழ் தளத்துல சீட் கேட்டு வாங்கிக்கலாம். திரும்பற ரயில் லேட் ஆகறது சகஜம், அன்னிக்கே ஃப்ளைட் வச்சுக்காதீங்க.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, முதல் பதில படிச்சுட்டு அம்மாவ கூப்பிட்டு, அங்க போய் உடம்புக்கு ஏதாவதுன்னா ராத்திரி எந்நேரம் ஆனாலும் எங்கள எழுப்பணும்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். ப்ரெக்கன்ரிட்ஜ் ஆசைய விட்டுட்டேன், வீட்டுக்காரரும் லெட்வில்ல விட்டுட்டார். ரயில் பத்தி சொன்னதும் அப்பா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம், ஆனா எங்க தேதிக்கு கீழ் தளத்துல சீட் கிடைக்கல, மேல ஏத்த எனக்கு பயமா இருக்கு. ஸ்டீம்போட் தூரம் எங்களுக்கு முடியாது. அப்ப எஸ்டஸ் பார்க்தான். ஆனா ஊருக்குள்ள பனி இல்லன்னா என்ன பண்றது?

பதில் 1

ஊருக்குள்ள இல்லன்னா என்னமா, பனி இருக்கற இடத்துக்கு பகல்ல போயிட்டு ராத்திரி கீழ வந்து படுங்க. உயரத்துல எங்க தூங்கறோம்ங்கறதுதான் ரொம்ப முக்கியம், பகல்ல ரெண்டு மணி நேரம் மேல போயிட்டு வர்றது அவ்வளவு படுத்தாது. ராக்கி மவுண்டன் நேஷனல் பார்க் வாசல் ஊர் பக்கத்துலயே இருக்கு. உள்ள பேர் லேக்னு (Bear Lake) ஒரு ஏரி, அது வரைக்கும் ரோட்ட குளிர்காலம் பூரா பனி தள்ளி வச்சிருப்பாங்க, 9,475 அடி, ஏரி உறைஞ்சு கிடக்கும், பார்க்கிங்ல இருந்து ஏரிக்கு கொஞ்ச தூரம்தான். மூணாவது நாள் போங்க, முதல் நாளே போகாதீங்க. சீக்கிரம் போனாதான் பார்க்கிங் கிடைக்கும். அப்பாவால நடக்க முடியலன்னா காருக்குள்ள ஹீட்டர போட்டுட்டு ஜன்னல் வழியா பார்க்கட்டும், மரம் பூரா பனி அப்பிக்கிட்டு நிக்கும். பொண்ணுக்கு ஹிடன் வேலி. அந்த பார்க்ல சறுக்குப் பலகை விடறதுக்கு அனுமதி இருக்கற ஒரே இடம் அது, பலகைய நீங்களே கொண்டு போகணும்.

பதில் 4

நான் கேபின பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா ஊர் சரியா அமைஞ்சும் வீடு சரியில்லாம நாங்க கஷ்டப்பட்டோம்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி ஓனருக்கு மெசேஜ் போட்டு கேளுங்க. ட்ரைவ்வே ஏத்தமா சமமா, பனி விழுந்தா யார் தள்ளுவாங்க, எத்தன மணிக்குள்ள தள்ளுவாங்க. எங்களுக்கு அமைஞ்ச கேபின்ல ட்ரைவ்வே செங்குத்தா கீழ இறங்கும், ஃபோட்டோவுல அது தெரியவே இல்ல, ராத்திரி எட்டு இஞ்ச் பனி விழுந்து காலையில வண்டி மேல ஏறல, மத்தியானம் வரைக்கும் அஞ்சு பேரும் உள்ளயே இருந்தோம். அவங்க வாசல்ல வச்சிருந்த மண்வாரியில கைப்பிடி உடைஞ்சிருந்துச்சு. அன்னிக்கு யாருக்காவது ஆஸ்பத்திரி போக வேண்டி வந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்னு இப்ப நினைச்சாலும் வயிறு கலங்குது. பெரியவங்க கூட வர்றதால ஊருக்குள்ள, மெயின் ரோட்டுல இருந்து பக்கத்துல எடுங்க. பள்ளத்தாக்குக்குள்ள தள்ளி இருக்கற கேபின் எல்லாம் அழகாதான் இருக்கும், ஃபோன் சிக்னல் போயிடும்.

சூடு எதுல வருதுன்னு கேளுங்க. விறகு அடுப்பு மட்டும்னா வேணாம். ராத்திரி பூரா யாராவது எழுந்து கட்டைய தள்ளிக்கிட்டே இருக்கணும், ரெண்டு மணி நேரம் அசந்து தூங்கினா கங்கு அணைஞ்சு வீடு ஜில்லுனு ஆயிடும். தனியா ஹீட்டர் இருந்து அடுப்பு அழகுக்குன்னா சந்தோஷம். அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடி புகைபோக்கி மூடி திறந்திருக்கான்னு பாருங்க, முதல்ல சுள்ளி, அது நல்லா புடிச்சதும் கட்டை. சாம்பல் ஆறிடுச்சுன்னு நினைச்சு குப்பைத் தொட்டியில கொட்டிடாதீங்க, உள்ள கங்கு ரொம்ப நேரம் உயிரோட இருக்கும், இரும்பு வாளியிலதான் எடுத்து வெளிய வைக்கணும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கான்னு கட்டாயம் கேளுங்க, போனதும் பட்டன அமுக்கி சத்தம் வருதான்னு பாருங்க. வாசனை இல்லாத விஷவாயு அது, எல்லாரும் தலைவலின்னா உயரத்தாலன்னு நினைச்சு படுத்துடுவோம், ரெண்டுக்கும் அறிகுறி ஒரே மாதிரி இருக்கும், அதுதான் எனக்கு பயம். அலாரம் அடிச்சா குழந்தைய தூக்கிட்டு முதல்ல வெளிய வாங்க.

அப்புறம் காத்து ரொம்ப வறட்சி. எங்க பையனுக்கு ரெண்டாவது நாள் காலையில சில்லுமூக்கு உடைஞ்சு தலகாணி எல்லாம் ரத்தம், நான் பதறிட்டேன், ஒண்ணும் இல்ல வறட்சிதான்னு சொன்னாங்க. ஹியூமிடிஃபையர் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா ராத்திரி ரூம்ல ஈரத்துண்டு காயப் போடுங்க, மூக்கு ஓரத்துல கொஞ்சம் வாசலின் தடவி விடுங்க.

பதில் 2

அப்பாவுக்கு ஷூ அடியில மாட்டற இரும்பு பல் பட்டை ஒரு ஜோடி வாங்கிடுங்க, கைத்தடி இருந்தா அதுக்கும் முனையில மாட்டறது கிடைக்கும். எல்லாரும் பேர் லேக்ல வழுக்கும்னு ஜாக்கிரதையா இருப்பாங்க, ஆனா விழறது என்னவோ கேபின் வாசப்படியிலயும் பார்க்கிங்லயும்தான்.

கேள்வி கேட்டவர்

புக் பண்ணிட்டேன். முதல் நைட் டென்வர், மிச்சம் நாலு நைட் எஸ்டஸ் பார்க், அந்த சின்ன கேபினே. ஓனர்கிட்ட எல்லாத்தையும் கேட்டேன், ட்ரைவ்வே சமமாம், பனி விழுந்தா காலையில ஏழு மணிக்குள்ள தள்ளிடுவாங்களாம், ஹீட்டர் தனியா இருக்காம், அலாரம் ரெண்டு இருக்காம். விறகு அடுப்பு இல்ல, அது ஒண்ணுதான் எனக்கு குறை. ஹால் ஜன்னல் எந்த பக்கம் பார்த்து இருக்குன்னு கேட்டேன், அதுக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பினாங்க, மேற்கு பக்கம், மலைய பார்த்த மாதிரி, ஜன்னல் கிட்ட ஒரு சாய்வு நாற்காலி போட்டிருக்கு. அப்பாகிட்ட காமிச்சேன். ஃபோன வாங்கி ரெண்டு விரலால பெருசாக்கி அந்த நாற்காலிய ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார்.